சொய்லா நடக்காத பாலைவனம்

சொய்லா குவாமான் விமானத்தில் வந்தவள். ஈக்வடாரின் குவெங்காவிலிருந்து சுற்றுலா விசா, ஜன்னலோர இருக்கை, மடியில் ஆறிப்போன கோழிச்சோறு. சிகாகோவில் இறங்கியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது, காலில் வெறும் செருப்பு. வழியில் அவள் பட்ட பாடு அவ்வளவுதான். விசா முடிந்தும் திரும்பவில்லை. அடுத்த வருஷம் இங்கேயே மகள் யாடிரா பிறந்தாள். சொய்லாவுக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை, கணவன் மெடார்டோவுக்கு டயர் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலை. இதில் அடுத்தவர் அழுவதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் அழவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, குடியேறியவர்களுக்கு உதவும் 'லா பங்கித்தா' நிறுவனத்துக்கு. பெயருக்குச் 'சின்ன பெஞ்சு' என்று அர்த்தம். எங்கள் தெருவில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் சனிக்கிழமைதோறும் ஃபாபியோ லூனா உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பான். சொய்லாவின் முதல் குளிர்காலத்தில் வீட்டுச் சொந்தக்காரன் ஹீட்டரை அணைத்துப் போட்டபோது, போய்ச் சண்டை பிடித்து எரிய வைத்தவன் அவன்தான். அன்றைக்கு அவன் நல்லவன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பிறகு அந்தப் பெஞ்சு நிறுவனமாகி, கட்டடம் கட்டக் கொடையாளர்கள் வந்தார்கள், சனியனும் கூடவே வந்தது. முதல் நன்கொடை விருந்தில் முத்துமாலை போட்ட ஓர் அம்மாள், "எப்படி வந்தாய்?" என்று சொய்லாவைக் கேட்டாள். விமானத்தில் என்றதும் அந்த அம்மாளின் கவனம் சாலட்டுக்குப் போய்விட்டது. மறு வருஷம் ஃபாபியோ, 'தோன்யா' என்று மரியாதை போட்டுக் குழைந்தான்.

"கொஞ்சம் பாலைவனத்துல நடந்து எல்லை தாண்டி வந்ததா சொல்லுங்களேன், தோன்யா சொய்லா. நம்ம ஜனங்க எத்தனையோ பேரு நடந்துதான வர்றாங்க? அவங்களுக்காகச் சொல்லுங்க."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. சொய்லா நடந்தாள். கட்டடம் வளர வளர அவள் கதையும் வளர்ந்தது. முதல் மாடிக்கு ஓர் இரவு நடந்தாள். இரண்டாம் மாடிக்கு மூன்று இரவு, முதுகில் காய்ச்சலோடு கைக்குழந்தை. அப்போது யாடிரா பிறக்கவே இல்லை என்பதைப் பற்றி யாருக்கென்ன? மூன்றாம் மாடிக்கு மெடார்டோவையே கொன்றார்கள். தாகத்தில் நா வறண்டு செத்தானாம். அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது செத்தவன் சோளமும் பன்றிக்கறியும் தின்றுகொண்டிருந்தான்.

"என்னடி, எம் பொணம் எவ்வளவுக்குப் போச்சு?"

"வாய மூடிட்டுத் தின்னு. செத்தவனுக்குப் பேச்சு எதுக்கு?"

மேடையில் அவள் சொன்ன கதையை ஒரு படமாகவும் எடுத்து, நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டார்கள். இந்த வசந்தத்தில்தான் அது கழுத்தைப் பிடித்தது. யாடிராவுக்கு இருபத்தொரு வயது ஆனதும், தாய்க்குக் குடியிருப்பு அட்டை கேட்டு விண்ணப்பம் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டவள் லா பங்கித்தாவின் இரண்டாம் மாடி வக்கீல் பிலார்.

"நீங்க விசாவோட பிளேன்ல வந்தீங்க பாருங்க, அதுதான் உங்க கேஸே. திருட்டுத்தனமா எல்லை தாண்டியிருந்தா இந்த வழியில அட்டையே கெடைக்காது," என்றாள் பிலார்.

யாடிரா கைபேசியில் படத்தை ஓடவிட்டாள். பிலாருக்கு முகம் வெளுத்தது.

"இன்னும் மூணு வாரத்துல நேர்காணல். அதிகாரி இதப் பாத்தா பாஸ்போர்ட்டுல இருக்கிற முத்திரையையே சந்தேகப்படுவான். படத்த எடுக்கச் சொல்லுங்க. அது பொய்யின்னு நாலு பேரு முன்னால நீங்களே சொல்லிடுங்க."

சொய்லா மூன்றாம் மாடிக்கு, ஃபாபியோவின் அறைக்கு ஏறினாள். இரண்டாம் மாடியில் அவள் பறந்து வந்தவள், மூன்றாம் மாடியில் நடந்து வந்தவள். ஒரே கூரைக்குக் கீழே எப்பேர்ப்பட்ட நிர்வாகம்!

"படம்தான? எடுத்துடலாம்," என்றான் ஃபாபியோ, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "வெள்ளிக்கிழமை மதியம் விருந்து இருக்கு. நாலாவது மாடி விஷயம். இந்த ஒரே ஒரு தடவ மட்டும், தோன்யா."

வெள்ளிக்கிழமை அவள் மேடை ஏறினாள். வழக்கம்போல அவள் ஸ்பானிஷில் பேச, பக்கத்தில் நின்று ஃபாபியோ ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

"நான் பிளேன்ல வந்தேன். எம் பொண்ணு இந்த ஊருலதான் பொறந்தா. எம் புருஷன் உசுரோட இருக்கான். இதுவரைக்கும் இங்க சொன்னதெல்லாம் பொய்," என்றாள்.

ஃபாபியோ ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, மூன்று இரவு, காய்ச்சல் குழந்தை, மணலில் விழுந்த கணவன் என்று ஒன்று விடாமல் மொழிபெயர்த்தான். சபை மூக்கைச் சிந்தியது. அவள் உண்மை சொன்னதால் கலங்கிய கண்கூட அவன் கதைக்குத்தான் பயன்பட்டது.

இருபது வருஷம் கடையில் இஸ்திரி போட்டவளுக்கு இந்த அளவு ஆங்கிலமாவது புரியாதா? அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நோ டெசர்ட். ஏரோப்ளேன்! பேபி, போர்ன் சிகாகோ. ஹஸ்பெண்ட் நோ டெட். ஹஸ்பெண்ட் ஹோம். ஈட்டிங்!"

பின்வரிசையில் யாடிரா கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். முழுதும் பதிவாகிவிட்டது. இனி அதிகாரி கேட்டால் காட்டலாம். சொய்லா மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கி மகளிடம் போனாள்.

முத்துமாலை அம்மாள் கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். ஃபாபியோவைக் கிட்டே அழைத்து, "நிஜமாகவே நடந்து வந்தவர் உங்களிடம் யாரும் இல்லையா?" என்றாள்.

"இருக்காங்க மேடம், நெறைய பேரு இருக்காங்க," என்றான் ஃபாபியோ. அவன் கண், சுவரோரமாக எச்சில் தட்டெடுத்துக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாக அளக்கத் தொடங்கியிருந்தது.