பால் போல நின்ற ரத்தம்

காலை ஆறு பத்துக்கு மகள் கூப்பிட்டாள். அன்னூரில் அவள் மாமியார் வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய், விருந்து முடித்து, ஏழு மாதக் கர்ப்பிணியைத் தொண்டாமுத்தூருக்கு அழைத்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை போகிறது என்றாள். படுக்க முடியவில்லை, தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். வாடகைக் காரில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பிரசவ வலி இல்லை என்றார்கள். ரத்தம் எடுத்து, பக்கத்துத் தெரு லேபுக்கு என்னையே கொண்டுபோகச் சொன்னார்கள். சற்று நேரம் கழித்து லேப்காரர் குழாயைத் தூக்கிக் காட்டினார். அடியில் சிவப்பு, மேலே பால் ஊற்றியது போல வெள்ளை. நெய்ச்சோறு ஏதோ சாப்பிட்டிருப்பார், இதில் சோதிக்க முடியாது, வெறும் வயிற்றில் எடுத்து வாருங்கள் என்றார்.

திரும்பி வந்து மனைவியிடம் பாய்ந்தேன். வார்டே பார்த்தது.

"புள்ளைக்குத் தெம்பு வேணும்னு எனக்குத் தெரியாம என்னத்தக் குடுத்துப்போட்டே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "நேத்து பொழுதோட ரெண்டு இட்லி தின்னவதானுங்க. இன்னிக்குப் பச்சத்தண்ணிகூடத் தங்கல. நான் எதைக் குடுப்பேன்?"

நான் நம்பவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே மகள், "அம்மாவை உடுங்கப்பா" என்றாள்.

மதியம் எடுத்த இரண்டாவது குழாயும் அப்படியே வெளுத்து நின்றது. இந்த முறை லேப்காரர் குழாயோடு என்னுடன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார். பெரிய டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இன்று சாப்பிட்டதால் வந்ததல்ல, ரத்தத்திலேயே கொழுப்பு ஏறிக் கணையம் வீங்கிவிட்டது என்றார். வாய்வழியாக எதுவும் கூடாது. டிரிப் மட்டும், அதோடு இன்சுலின். சர்க்கரை இல்லாத பெண்ணுக்கு இன்சுலின் எதற்கு என்று கேட்டேன். கொழுப்பை இறக்க என்றார். இரண்டு உயிருக்கும் இப்போதைக்கு உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

நான்கு நாள். நர்ஸ் குழந்தையின் துடிப்பைக் கேட்க வரும்போதெல்லாம் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மனைவியிடம் தப்புத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. காபி வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை பெரிய டாக்டர் வந்தார்.

"கொழுப்பு நல்லா இறங்கிருச்சுங்க. கொழந்தை துடிப்பும் நல்லா இருக்குது. நாளையிலிருந்து கஞ்சி கொஞ்சங்கொஞ்சமா குடுங்க, நெய்யும் எண்ணெயும் மட்டும் ஆகவே ஆகாது" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இந்தக் கொழுப்புக் கோளாறு பொறவியிலேயே ரத்தத்துல இருந்திருக்கோணும், கர்ப்பத்துல ஏறிருச்சு. அம்மணிக்கு யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு பாக்கோணுமுங்க. மொதல்ல உங்க ரத்தத்தைக் குடுங்க."