தொட்டியின் எடை

என் சித்தி ஒரு தொழிற்சாலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரர். பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவர். பதினெட்டு வருடமாகக் கரண்டி அவர் கையில். இருநூறு பேருக்கு மதியச் சாப்பாடு. காய் எல்லாம் பக்கத்து மூன்று பண்ணைகளிலிருந்துதான் வரும். அங்கே என்ன விளைகிறதோ அதுதான் சமையல். மழை முடிந்தால் ஆறு வாரம் பூசணி.

அந்த ஆறு வாரமும் அவருக்குப் பெயர் பூசணியக்கா.

"இன்னைக்கு என்னக்கா?" என்பார் ஃபிட்டர், வரிசையின் கடைசியிலிருந்தே.

"பூசணி."

"நேத்து?"

"அதோட அண்ணன்."

இந்த வருடம் வந்த புது மேலாளர் ஒரு புகார்ப் பெட்டி வைத்தார். அதில் இருபத்தேழு சீட்டுகள் விழுந்தன. எல்லாம் பூசணி மேல். சித்தியைக் கூப்பிட்டார்.

"குளிர்பதனக் கிடங்குல வருஷம் முழுக்க எல்லாக் காயும் கிடைக்குது. பண்ணைகளை நிறுத்திடலாமா?"

"எல்லாரும் சாப்பிடத்தான் செய்றாங்க, சார்."

"பார்த்துடலாம். இந்த வாரம் மிச்சம் கொட்டுற தொட்டியை எடை போடுவோம். அஞ்சு நாளும் சேர்த்து நூறு கிலோவைத் தாண்டினா கிடங்குதான்."

அன்று பூசணி இறக்க வந்த பண்ணைக்காரம்மாவிடம் இதைச் சொல்ல சித்திக்கு வாய் வரவில்லை. இந்த கேன்டீனை நம்பித்தான் அவர் அரை ஏக்கரில் பூசணி போட்டிருந்தார்.

திங்கள் பதினெட்டு கிலோ. செவ்வாய் பத்தொன்பது. இப்படியே போனால் நூறை ஒட்டிவிடும். புதனன்று பூசணியை மைய அரைத்து, பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டுக் குழம்பில் கரைத்துவிட்டார். பலகையில் 'குழம்பு' என்று மட்டும் எழுதினார்.

அன்று முப்பத்தாறு.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தீங்களேக்கா!" என்றார் ஃபிட்டர். வரிசையே சிரித்தது. "பூசணின்னு சொல்லிப் போட்டா திட்டிக்கிட்டே தின்னுருவோம். பார்த்தா இது என்னன்னே தெரியல. பயமா இருக்கில்ல?"

"அப்புறம் எதுக்குய்யா சீட்டு எழுதிப் போடுறீங்க?"

"அது பொழுதுபோக்குக்கா. நான் மட்டுமே ஒன்பது போட்டேன்."

அப்போதுதான் சித்தி எடை விஷயத்தை அவரிடம் சொன்னார். ஃபிட்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

வியாழனன்று பூசணி பெரிய துண்டுகளாக, தோலோடு சுடப்பட்டு வந்தது. பலகையில் கொட்டை எழுத்தில் 'பூசணி'. தொட்டி பதினைந்து கிலோ. நூறைத் தொட வெள்ளிக்கு மிச்சம் பன்னிரண்டுதான்.

வெள்ளியன்றும் அதே சுட்ட பூசணி. ஃபிட்டர் தொட்டிப் பக்கத்தில் டிக்கெட் பரிசோதகர் மாதிரி நின்றுகொண்டார். "மாப்ளே, அந்த மூலையில என்ன? வழிச்சுச் சாப்பிடு." கடைசியாகத் தட்டோடு வந்தவர் மேலாளர்.

"சார், தோல் மிச்சமிருக்கு. நல்லா வெந்திருக்கு, சாப்பிடலாம்."

மேலாளர் தொட்டியைப் பார்த்தார், ஃபிட்டரைப் பார்த்தார். நின்றபடியே தோலைத் தின்றார். எடை பதினொன்றரை.

"வர்ற வருஷமும் பண்ணைதான்" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே. "ஆனா பெட்டி இருக்கும்."

சித்தி பண்ணைக்காரம்மாவுக்குப் போன் செய்து, வாரக் கதை முழுவதையும் அப்போதுதான் சொன்னார். மறுமுனையில் சிரிப்பில்லை.

"ஏங்கா, திங்கக்கிழமையே சொல்லக் கூடாதா? வரப்போரம் கீரை மண்டிக் கிடக்கு. கேன்டீனுக்கெல்லாம் எதுக்குன்னு மாட்டுக்குப் போட்டுட்டு இருக்கேன்."

சித்தி கேட்டார்:

"மாடு எவ்வளவு மிச்சம் வச்சிருக்கு?"