முப்பத்து நான்கைச் சரிபார்த்தவன்

தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வரைபடத்தைத் தயாரித்தவர் ஒருவர் என்றால், சரிபார்ப்பவர் இன்னொருவராகத்தான் இருக்க வேண்டும். இந்த விதியை மீறிய பொறியாளர்களை அழ வைத்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் விதி என்னை விடவில்லை.

போன மழைக்காலத்தில் பொழுது போகாமல் ஓர் எண் வரிசையை நோண்டிக்கொண்டிருந்தேன். ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று, இருபத்தொன்று, முப்பத்து நான்கு என்று, கடைசி இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற வரிசை. அதில் அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் அதே வரிசையின் வேறோர் எண் வந்து நிற்கிறது. நான்கும் ஒன்பதும் பதின்மூன்று. ஒன்பதும் இருபத்தைந்தும் முப்பத்து நான்கு. நடுவில் இருக்கும் இருபத்தொன்று மட்டும் அகப்படுவதில்லை. ஒன்று விட்டு ஒன்றுதான் கிடைக்கும். ஏன் என்பதற்கும் ஒரு நிரூபணம் போட்டேன். உலகத்தில் யாரோ எப்போதோ கண்டிருப்பார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அது என்னுடையது. இந்த வயதில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லை.

தை மாதம் ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியது என் முறை. இதையே பேசுவதாக இருந்தேன். அதற்கு முன், ஆரம்பாக்கத்து நண்பரிடம் கணக்கை நிரூபணத்தோடு எழுதிக் கொடுத்தேன். வேலைக்குப் போன காலமெல்லாம் ரயிலில் எனக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்தவர்.

"பாத்துக் குடுய்யா. நானே போட்டு நானே சரின்னு சொல்லிக்க முடியாது."

"இன்னா சார், ஊட்ல காபிக்கும் ரெண்டு கையெழுத்து கேப்பீங்களா?"

மார்கழிக் கூட்டம் அவர் முறை. ஊரில் வயல் வைத்திருப்பவர், நெல் சாகுபடியைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். பலகையில் அந்த வரிசையை எழுதி, அதன் கீழே 4 + 9 = 13, 9 + 25 = 34 என்று எழுதினார்.

"ரயில்ல சும்மா போட்டுப் பாத்துக்கினு இருந்தேன், ஆப்ட்டுச்சு" என்றார். கைதட்டினார்கள். "சரிபார்த்துக் குடுத்தவரு நம்ம சாரு. அவரு பாக்காம நான் எதையும் வெளிய வுட மாட்டேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

முன்வரிசையில் இருந்த பழைய எலெக்ட்ரீஷியன் கேட்டார்: "நடுவுல அந்த இருபத்தொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு? அது ஏன் வர்ல?"

நண்பர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிரூபணம் வரை அவர் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "சார் சொல்லுவாரு" என்றார்.

"சரிபார்த்தவருக்கு அந்த அதிகாரம் கெடையாது. தயாரிச்சவரக் கேளுங்க" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர்தான் அதிகம் சிரித்தார்.

ஒருவர் பேசிய தலைப்பை ஓராண்டுக்கு இன்னொருவர் பேசக் கூடாது என்பது சங்க விதி. அதைச் சேர்க்கச் சொல்லிப் பொதுக்குழுவில் சண்டை போட்டவன் நான்தான். தைக் கூட்டத்துக்கு இனி வேறு ஏதாவது தேட வேண்டும்.

தேநீர் கொடுத்தபோது, தன் பக்கத்து நாற்காலியில் எனக்காகக் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு, நின்றபடியே குடித்தேன்.