பாண்டவர் வீட்டில் நான் போட்ட படையல்

எனக்கு வாய் அதிகம். அதனால் கெட்டவை நிறைய. ஒரு லோடு மரவள்ளிக் கிழங்கும் கெட்டிருக்க வேண்டியது.

ராசிபுரம் பக்கம் என் காட்டின் மேற்கு மூலையில் நாலு பலகைக்கற்கள் பாதி மண்ணுக்குள் நிற்கின்றன. மேலே ஒரு மூடுகல். ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஓட்டை. ஊரில் அதற்குப் பெயர் பாண்டவர் வீடு. வனவாசத்தில் ஐந்து பேரும் அங்கே தங்கினார்களாம். கிழங்கு பிடுங்க வரும் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசிகளை அந்த ஓட்டை வழியே உள்ளே வைப்பார்கள். மதியம் வரை சோறு கெடாது. யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

எனக்குத்தான் தொல்லை. பீமன் படுத்தால் முழங்கால் வெளியே நிற்கும். இதைக்கூடவா யோசிக்க மாட்டார்கள் என்று எரிச்சல் வரும். நூலகத்தில் இரண்டு புத்தகம் படித்தேன். உடனே பேராசிரியர் ஆகிவிட்டேன்.

கிழங்கு பிடுங்கிய அன்று காலை டீ நேரத்தில் ஆரம்பித்தேன். "அது ஊடே இல்ல. அதுக்குப் பேரு பதுக்கை. பதுக்கறதுன்னா ஒளிச்சு வெக்கறது. செத்தவங்கள நரி இழுக்காம கல்லுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. அதுலருந்து வந்த பேரு."

"ரேசன் அரிசியத்தான் பதுக்குவாங்க. பொணத்தையுமா?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானில்லை.

"யாரோ எவரோ இல்ல. நம்ம பாட்டன் பூட்டன். பெருமப்படோணும்."

சிரிப்பு நின்றது. ஆள் கூட்டி வரும் அக்கா எழுந்து போய்ப் போசிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"ஏனுங்க, அப்ப அவிங்களுக்கு அமாவாசைக்குச் சோறு வெச்சது யாருங்க?"

"யாரும் வெக்கல."

"பட்டினி கெடக்கற பெரியவங்க முன்னால நாங்க சோத்த வெச்சு எடுத்துத் தின்னிருக்கறோம். நாங்க போயிட்டு வாரமுங்க."

பாதிக் கிழங்கு பிடுங்கிக் குவித்திருந்தது. இரண்டு நாளில் கருத்துவிடும். கருத்த கிழங்கை ஜவ்வரிசி ஆலையில் சீந்த மாட்டார்கள். மூன்று மணிக்கு லாரி வருகிறது. இந்தக் கூட்டம் போனால் வேறு ஆள் கிடையாது.

"நாஞ் சும்மா சொன்னேன்க்கா. பாண்டவர் ஊடுதான்."

"இப்பப் பயத்துல சொல்றீங்க. அப்பச் சொல்றப்ப மொகத்துல பொய் இல்லீங்களே."

என் வாழ்நாளில் என் பேச்சை ஒருவர் முழுசாக நம்பியது அன்றுதான்.

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார். படையல் போட வேண்டும். நான்தான் போட வேண்டும். பாட்டன் என்று சொன்னவன் நான்தானே.

"இன்னைக்கு அமாவாசை இல்லியே."

"பசிக்கு அமாவாசை தெரியுமுங்களா?"

மனைவிக்குப் போன் செய்தேன். சோறு, பருப்பு, வறுத்த முட்டை, வாழை இலை, கற்பூரம். கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். என் அப்பா செத்து ஆறு வருசம். ஒவ்வொரு அமாவாசையும் இலை போடச் சொல்வாள். செத்தவங்க திங்க மாட்டாங்க என்று நான் கத்துவேன். அன்று அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

இலை போட்டேன். கற்பூரம் ஏற்றினேன். "தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்கங்க" என்று முனகினேன்.

"சத்தமாச் சொல்லுங்க. கல்லுக்குள்ள இருக்கறாங்க" என்றார் அக்கா.

கத்தினேன். கத்துவது எனக்கு வரும். ஆனால் குரல் பாதியில் உடைந்தது. எதற்கு உடைந்தது என்று எனக்குத் தெரியும். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். யாரும் நம்பவில்லை.

லாரி இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டது. வரும் அமாவாசைக்கு ஒரு இலையா இரண்டு இலையா என்று மனைவி கேட்டாள்.

இரண்டு என்றேன்.