கடிக்குது

அவள் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. சிகரெட் சுட்ட ஓட்டையோ ஆணியில் மாட்டிய கிழிசலோ, எதுவானாலும் அதே துணியின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, அந்த நூலாலேயே நெய்தாற்போல அடைத்துவிடுவாள். தையல்கடை முதலாளி கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கிழிஞ்சது எங்கம்மா?" என்று கேட்பார். "நீங்களே தேடுங்க" என்பாள். பதினோரு வருஷமாக அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

வீட்டில்தான் அவள் சாமர்த்தியம் செல்லுபடியாகவில்லை. மூத்தவன் தட்டை மட்டும்தான் மிச்சம் வைப்பான். ஆறு வயது இளையவளுக்குக் குருவி என்று பேர் வைத்திருந்தார்கள். கொத்துவது நாலு பருக்கை, ஒதுக்குவது நாற்பது. கேரட், முட்டையின் மஞ்சள், பாலில் மிதக்கும் ஆடை எல்லாவற்றுக்கும் "பிடிக்கல" என்பாள். வேர்க்கடலைக்கு மட்டும் "கடிக்குது" என்பாள்.

அந்த ஒரு வார்த்தையை யாராவது நின்று கேட்டிருக்கலாம். யாருக்கு நேரம்? பஸ் ஓட்டிக் களைத்து வந்த அப்பா சிரிப்பார். அண்ணன், "கடிக்குதா? நீ திருப்பிக் கடி!" என்பான். ஏழு மணிச் சாப்பாட்டு மேசையில் அது தினசரி வேடிக்கையாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தார்கள். வயதுக்கு மூன்று கிலோ குறைவு என்று தாள் வந்தது. அம்மாவுக்கு அது தன்மேல் எழுதிய குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. மறுநாள் கடையில் புலம்பித் தீர்த்தாள். பட்டன் தைக்கிற அக்கா, "கடலைய அரைச்சுக் குடு, ஒரே மாசத்துல தேறிடுவா" என்றாள்.

"அவ தொடவே மாட்டா அக்கா."

"தொடவா சொன்னேன்? தெரியாம கலந்து விடு. அதை உனக்கா சொல்லணும்?"

உனக்கா சொல்லணும்! அந்தப் புகழ்ச்சிதான் வினையானது.

வறுத்து, தோல் நீக்கி, மாவாக அரைத்து, முதல் நாள் உருளைக்கிழங்கு சூப்பில் கால் ஸ்பூன் கலந்தாள். குருவி வழக்கம்போலக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல கடிக்கிறது இல்லையே?"

"சத்தியமா இல்ல கண்ணு."

சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. குழந்தை கிண்ணத்தைக் காலி செய்ததும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் உதட்டோரம் சிவந்தது. "சூடா குடிச்சிருப்ப" என்றாள் அம்மா. மூன்றாம் நாள் வயிற்றுவலி. "ஸ்கூலுக்கு மட்டம் போட இது ஒரு சாக்கு" என்றான் அண்ணன். நான்காம் நாள் அரை ஸ்பூன். குருவி ராத்திரி பூராவும் கழுத்தைச் சொறிந்தாள். கொசு என்றார் அப்பா. ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அம்மாவுக்கு. அந்தக் கண்ணுக்கா அந்தத் தடிப்பு தெரியாமல் போகும்? தெரிந்தது. காலிக் கிண்ணம் அதை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கையில் தாராளம் வந்துவிட்டது. குவித்து இரண்டு ஸ்பூன் போட்டாள்.

"அம்மா, இதுல கடிக்கிறது..."

"இல்லன்னு எத்தனை தடவ சொல்றது? குடி!"

மூன்று வாய் குடித்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள். "கடிக்குது" என்றாள். குரல் கரகரத்தது.

"திருப்பிக் கடி!" என்றான் அண்ணன், தட்டிலிருந்து தலை நிமிராமலே. பதில் வரவில்லை. நிமிர்ந்தபோது தங்கையின் உதடு வீங்கியிருந்தது. மூச்சு விசில் அடித்தது. அப்பா எச்சில் கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். அம்மாவுக்கு அது முடியாத தெருவாக நீண்டது.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டார். "என்ன சாப்பிட்டா?"

"வெறும் உருளைக்கிழங்கு சூப் சார். இவ வேற எதையும் தொட மாட்டா" என்றார் அப்பா.

"முட்டை, மீன், கடலை?"

"கடலையா? கண்டாலே ஓடுவா சார்!"

அவர் அதை அடித்துச் சொன்னார். அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான். அம்மாவின் வாய் தைத்தாற்போல ஒட்டிக்கொண்டது. மறைத்து மறைத்தே பழகிய கை, சேலை முந்தானையைத் திருகியது.

"நான் கலந்தேன்" என்றாள். "வேர்க்கடலை மாவு. இன்னிக்கு ரெண்டு ஸ்பூன். திங்கட்கிழமையிலேர்ந்து குடுக்கறேன்."

ஊசி தொடையில் இறங்கியது. கணவர் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

விசில் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்த குருவி, தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினாள். அம்மா ஓடிப்போய்க் குழாயில் பிடித்துவந்து டம்ளரை நீட்டினாள்.

குருவி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவைத் தாண்டி, சுவரோரம் நின்றவரிடம் கேட்டாள்.

"அப்பா, இதுல கடிக்கிறது இல்லையே?"