பட்டன் போன செல்கள்

ஆய்வகத்தில் அவளுக்கு "சோப்பு" என்று பெயர். மற்றவர்கள் ஒரு முறை கழுவும் குடுவையை அவள் மூன்று முறை கழுவுவாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். சந்தேகம் வந்து மறுபடியும் கழுவுவாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எங்காவது ஒரு கறை தெரிந்தால், "நீ இங்கே எப்படி வந்தாய்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதத்தை அனுப்பித்தான் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும். அது செல்லுக்குள் நுழையாது. மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பிகளில் உட்காரும். உடனே ஏற்பிகள் ஒன்றையொன்று நெருங்கும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் நொதிகள் விழித்து, ஒரு புரதத்தைத் தட்டி எழுப்பி உட்கருவுக்கு விரட்டும். அந்தப் புரதம் எழுந்துவிட்டால், செல்களை உடைத்துச் சோதித்து எடுக்கும் படத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும்.

அவளுக்கு வந்ததெல்லாம் வெள்ளைப் படம். சைட்டோகைனை இரண்டு மடங்கு ஊற்றினாள். பிறகு பத்து மடங்கு. செல்கள் ஏனென்று கேட்கவில்லை. "மைக் வச்சுக் கூப்பிட்டுப் பாரு, சோப்பு" என்றாள் பக்கத்து மேசை அக்கா. வெள்ளிக்கிழமைக்குள் பட்டை வராவிட்டால் அவளுடைய ஆய்வுத் தலைப்பு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வேலைக்கான நேர்காணலுக்கு எடுத்துவைத்திருந்த சட்டையை ஆசை தீரத் துவைத்துக் கொடுத்தாள். அவன் விரித்துப் பார்த்தான்.

"அழுக்கும் போச்சு, பட்டனும் போச்சு. இனி எதை வச்சுடி மாட்டுறது, ஸ்டேப்ளரா?"

பட்டன் போன இடத்தைத் தடவிப் பார்த்தவளுக்கு ஆய்வகத் தட்டு ஞாபகம் வந்தது. சைட்டோகைன் ஊற்றுமுன், வளர்ப்புத் தட்டில் ஒட்டிய செல்களைப் பெயர்க்க டிரிப்சின் ஊற்றுவார்கள். அது புரதத்தை வெட்டும் நொதி. மற்றவர்கள் சில நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். அவளோ ஒரு செல்கூடத் தங்கக்கூடாதென்று, ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போவாள். அதற்குள் டிரிப்சின் ஏற்பிகளையும் மழித்துவிட்டிருக்கும். காதை அறுத்துவிட்டு, காது கேட்கவில்லையே என்று இத்தனை நாள் கத்தியிருக்கிறாள்.

"அண்ணா, நீ என் படிப்பையே காப்பாத்திட்ட."

"சரி, முதல்ல பட்டனைத் தை."

மறுநாள் டிரிப்சினைத் தொடவில்லை. குளிர்ந்த உப்புக் கரைசலில் செல்களைத் தாஜா செய்து எடுத்தாள். பாதி வந்தது, மீதி தட்டிலேயே அப்பிக்கொண்டது. அவளுக்குக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, படத்தில் கறுப்பாக, தடியாக ஒரு பட்டை.

என்ன மாற்றினாய் என்று பேராசிரியர் கேட்டார்.

"கொஞ்சம் அழுக்கா வேலை செஞ்சேன் சார்."

தலைப்பு அவளிடமே தங்கியது. அவர் அறையை விட்டு வெளியே வந்ததும், மீதி செல்கள் அப்பியிருந்த அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.