தண்ணீரில் கண்டமுள்ளவள் தீவு தேடியது

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று மாதம் கடல் இருந்தது. மாலை நாலரை மணிக் காபி முடிந்ததும் என் கணவர் லேப்டாப்பை டிவியோடு இணைப்பார். சுவரில் பாதி நீலமாகிவிடும். மைசூரிலிருந்து எந்தத் திசையில் காரை எடுத்தாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். நான் விஜயநகர் வீட்டில் சோபாவை விட்டு எழாமல், பீன்ஸ் நார் உரித்தபடி, மஞ்சள் மீன்கள் கூட்டமாக இடமிருந்து வலமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் யாராவது ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவார்கள். மீன்கள் அதைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டே இருக்கும்.

அவர் ரயில்வே சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அது. ஓய்வு பெற்ற ஆண்கள் வீட்டில் என்னென்ன செய்வார்கள் என்று தோழிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டுவார்கள், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். என்னவர் இதையெல்லாம் முதல் மாதத்திலேயே செய்து முடித்துவிட்டார். இரண்டாம் மாதம் ஒரு நாள், “நாம ரெண்டு பேரும் கடலுக்கு அடியில போறோம்” என்றார். ஸ்கூபா. முதுகில் காற்று சிலிண்டர், கண்ணுக்குக் கண்ணாடி. நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப் போவாராம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் போனில் சொன்னேன். “அம்மா, அப்பாக்குத் தலெ கெட்டிதியா, பைத்தியமா? ஊட்டிக்கே ரெண்டு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போறவரு அவரு” என்றாள். அவளுக்குக் கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் பாதி கன்னடம்தான். அன்றைக்குச் சந்தோஷம்.

இந்தக் கடல் ஆசைக்குக் காரணம் நான். எனக்குத் தண்ணீரில் கண்டம். பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் என் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கே போய், “ஜோசியர் சொல்லியிருக்கார். ஆறு குளம்னு இவளத் தனியா விடாதீங்க, குளிக்கிறப்ப கதவத் தாழ் போட விடாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். என் மாமியார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரியில் குடும்பமே முங்கி எழும்போது என்னை மட்டும் படியில் உட்கார வைத்து, சொம்பால் தலையில் ஊற்றுவார். எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் இத்தனை வருடத்தில் தேயவே இல்லை.

என் ஜாதகத்தில் அப்படி ஒரு கண்டமும் கிடையாது. எனக்கு இருந்தது ஃபிட்ஸ். ஆறு வயதில் தொடங்கி பதிமூன்றில் நின்றது. மொத்தம் ஏழு தடவை. கண் விழிக்கும்போது உள்ளங்கையில் அம்மா திணித்த சாவிக்கொத்தின் தடம் பதிந்திருக்கும். பதினேழு வயது வரை மாத்திரை சாப்பிட்டேன். ஃபிட்ஸ் என்று சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும். கண்டம் என்று சொன்னால் ஒரு பரிகாரத்தோடு ஏற்றுக்கொள்வார்கள், பத்திரமாகவும் பார்த்துக்கொள்வார்கள். அப்பா யோசித்துத்தான் சொல்லியிருந்தார். முப்பது வருடம் அது பலித்தது.

என் கணவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. தன் அம்மாவுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். அம்மா போய்ச் சேர்ந்தபின், தான் ஓய்வும் பெற்றபின், “உன்ன அந்தப் பயத்துலேர்ந்து வெளிய கொண்டு வரணும். கண்டத்தக் கடல்லயே விட்டுட்டு வருவோம்” என்றார். எனக்காக அவர் போட்ட திட்டங்களிலேயே பெரியது இதுதான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரு சாக்கு இருந்தது. எங்கள் பயணத் திட்டங்களின் லட்சணம் எனக்குத் தெரியும். காஷ்மீருக்கென்று ஒரு வருடம் முழுக்கத் திட்டம் போட்டு, கடைசியில் குண்டலுபேட்டை வழியாக ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் நாங்கள். இதுவும் அப்படித்தான் கரையும் என்று நினைத்தேன். கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாமே.

பார்க்கப் பார்க்க எனக்குள்ளும் அது இறங்கிவிட்டது. மாலத்தீவில் தண்ணீர் மேலேயே வீடு. தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், பல் தேய்த்தபடி மீன் பார்க்கலாம். அந்தமானில் காடு கடற்கரை மணல் வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறது. முருடேஸ்வரத்துக்கு எதிரே நேத்ராணித் தீவு பக்கம்தான், ஆனால் படகில் வெகுநேரம் குலுங்க வேண்டும், சுற்றிலும் வெறும் பாறை. பாலியில் ஆமைகள் ஏராளம், சில இடங்களில் நீரோட்டம் ஆளையே இழுத்துக்கொண்டு போகுமாம். அவர் ஆழம், பருவம், தெளிவு என்று பார்ப்பார். நான் வேறு மாதிரி பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். காலையில் ஒரு தடவை இறங்கினால் போதும், பிறகு சாயங்காலம் வரை ஒரு வேலையும் இருக்கக் கூடாது. தயிர் கிடைக்க வேண்டும்.

கடலுக்கடியில் போய்வந்தபின் ஒரு முழு நாளாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்று படித்தார். உடம்புக்குள் கரைந்த காற்று மெதுவாக வெளியேற வேண்டுமாம். அந்த நாளை நான் ரொம்ப விரும்பினேன். எங்கேயும் போகக் கூடாது, எதுவும் செய்யக் கூடாது, உடம்பிலிருந்து கடல் இறங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிற ஒரு நாள். பாத்திரம் தேய்க்கும்போது அந்த நாளில்தான் இருப்பேன். தள்ளுவண்டிக்காரர் காலிஃபிளவரை நீட்டினால் பவளத்தைத்தான் வாங்குவேன். மத்தியானம் கண் அயர்ந்தால், எடையே இல்லாமல், சத்தமே இல்லாமல், ஒரு நீலத்துக்குள் போய்க்கொண்டே இருப்பேன். பக்கத்தில் அவர் கை இருக்கும்.

கரையவில்லை. ஒரு நாள் அந்தமானுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். மறுநாளே இரண்டு ஜோடி கண்ணாடி வந்தது, அதற்கு மறுநாள் ஸ்கூபா நிலையத்தின் படிவம். உடல்நலம் பற்றி இரண்டு பக்கக் கேள்விகள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து அவரே நிரப்பினார்.

“ஆஸ்துமா... இல்ல. இதய நோய்... இல்ல. எப்போதாவது வலிப்பு, நினைவு தப்புதல்... இல்ல. காதுல ஆபரேஷன்... இல்ல.”

ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்காமல் போவது மாதிரி அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் போட்டேன். முப்பத்தொன்பது வருடமாக வராதது கடலுக்கடியில் இருக்கப்போகிற கொஞ்ச நேரத்திலா வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு என் நீலம் கெட்டுப்போனது. அவர் பயிற்சி வீடியோக்கள் போட ஆரம்பித்தார். காற்றுக் குழாயின் முனையைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். நினைவு தப்பினால் பல் விட்டுவிடும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த பயம் சாவைப் பற்றியதில்லை. எனக்கு ஏதாவது ஆனால் பக்கத்தில் இவர் இருப்பார். என்ன நடக்கிறது என்றே இவருக்குத் தெரியாது. அப்புறம், கண்டம் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்காமல் நானே இவளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கொன்றுவிட்டேன் என்று ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பார். ஜாதகத்தை ஒருநாளும் நம்பாத மனுஷர் அந்த ஒரு பொய்யை நம்பியே சாவார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் வாசல் போர்ட்டிகோவில் உட்கார்ந்து புதுக் கண்ணாடிகளுக்குப் பற்பசை தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்படித் தேய்த்தால்தான் தண்ணீருக்குள் பனிமூட்டம் பிடிக்காதாம். நான் போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

“ஜாதகத்துல கண்டம்லாம் ஒண்ணும் இல்லங்க.”

“அதத்தானே நானும் சொல்றேன்.”

“அது இல்ல. எனக்குச் சின்ன வயசுல ஃபிட்ஸ் இருந்தது. அத மறைக்கத்தான் அப்பா கண்டம்னு சொன்னார்.”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “எத்தன தடவ?” என்றார்.

“ஏழு.”

“கடைசியா?”

“பதிமூணு வயசுல.”

“பிரசவத்தப்ப டாக்டரம்மா எல்லாம் கேட்டாங்களே. அவங்ககிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

கண்ணாடியைக் கீழே வைத்தார். “நான் வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தேன். உள்ள உனக்கு என்ன வரலாம்னே தெரியாம உக்காந்திருந்தேன்.”

“யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டார்.”

“உங்கப்பா போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் யாருக்குப் பயந்துட்டிருந்தே?”

உங்களுக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அதுதான் உண்மை. ஒரு நாள் காலையில் காபியை வாங்கும்போது அவர் என்னை வேறு மாதிரி பார்ப்பாரே என்ற பயம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் எங்கள் வீட்டில் டிவி ஓடவில்லை. நாலரைக்குக் காபி குடித்தோம், கறுத்த திரையைப் பார்த்தோம். மூன்றாம் நாள், “டாக்டரப் பாத்துடலாம், கெளம்பு” என்றார். நரம்பு டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இத்தனை வருடம் வராதது நல்லதுதான், ஆனாலும் கடலுக்கடியில் போகலாம் என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். ஆழமில்லாத தண்ணீரில், விவரம் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், இவங்க தாராளமாக நிற்கட்டும் என்றார். ‘விவரம் தெரிந்த ஒருவர்’ என்று சொன்னபோது என் கணவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தமான் டிக்கெட்டை ரத்து செய்தார். “நானும் கீழ போகல, பேடவே பேடா” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மூணு மாசமா என்னை மீனுக்கு நடுவுல குடி வெச்சுட்டு, இப்ப வேண்டாமா? காலையில நீங்க ஒரு தடவ உள்ள போயிட்டு வாங்க, அங்க என்ன இருந்ததுன்னு வந்து சொல்லுங்க. அப்புறம் நாள் முழுக்க என் பக்கத்துல நில்லுங்க” என்றேன். முப்பது வருடத்தில் எந்த ஊருக்குப் போவதானாலும் ‘உங்க இஷ்டம்’ என்றே சொல்லிவந்தவள் நான். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் பயந்த பார்வை அது இல்லை.

மறுபடி தீவு தேடினோம். இந்தத் தடவை வீடியோ பார்த்து அல்ல, போனில். கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் இடுப்பளவுத் தண்ணீர், நின்ற இடத்திலிருந்தே அடி தெரியுமா, அலை உண்டா என்று ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் வீட்டுக்குள் போனில் சரியாகக் கேட்காது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, கத்தித்தான் பேச வேண்டும்.

“ஏன் கேக்கறேன்னா, என் ஒய்ஃபுக்குச் சின்ன வயசுல ஃபிட்ஸ் இருந்தது!”

இந்தியும் இங்கிலீஷுமாகத்தான் பேசினார். ஃபிட்ஸ் எந்த மொழியிலும் ஃபிட்ஸ்தான். காலை பத்து மணி. எதிர்வீட்டம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இந்தச் சொல் தெருவில் விழுகிற அன்று நான் செத்துப்போவேன் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். எதிர்வீட்டம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனார். இரண்டாவது போனிலும் இவர் அதையே சொன்னார், மூன்றாவதிலும். நான்காவதில் நான் உள்ளே போய்ச் சாம்பாருக்குப் புளி கரைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஐந்தாவது போன் லட்சத்தீவுக்கு. அங்கேதான் போகப்போகிறோம், அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று. பவளத்திட்டு வேலி மாதிரி சுற்றி நிற்பதால் உள்ளே அலை கிடையாது, வெகுதூரம் வரை இடுப்பளவுதான், கால்விரலைச் சுற்றி மீன் போவது தெரியும் என்று அந்தப் பக்கத்து ஆள் சொன்னார். அந்த ஆள் ஃபிட்ஸைப் பற்றி இன்னும் விவரம் கேட்டார் போலிருக்கிறது. “எட்டு ஒம்போது தடவ வந்திருக்கு, பதினாலு பதினஞ்சு வயசு வரைக்கும்...” என்று இவர் இழுப்பது சமையலறை வரை கேட்டது.

புளிக் கையோடு வாசலுக்கு ஓடினேன். “ஏழு தடவதாங்க! பதிமூணு வயசோட நின்னுடுச்சு! சரியாச் சொல்லுங்க!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.